வெட்டினால் பால் விடும் காளான்: சமைக்கும் முன் எப்படிப் பார்ப்பது

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழ்நாட்டுக்குப் போனால் பாக்கெட்டில் விற்கிறார்களே பால் காளான், அது வேறு. வெள்ளை வெளேரென்று இருப்பதால் வந்த பெயர், வெட்டினால் பால் எல்லாம் வராது. நான் சொல்வது எருக்கம் இலையைக் கிள்ளினால் வருவது போல நிஜமாகவே பால் சொட்டும் காட்டுக் காளான், லாக்டேரியஸ் இனம். அதில் வயிற்றைப் பதம் பார்ப்பது லாக்டேரியஸ் டார்மினோசஸ். லத்தீனில் டார்மினா என்றால் வயிற்றுக் கடுப்பு, பெயர் வைத்தவர் அப்போதே சொல்லிவிட்டார்.

சிங்கப்பூரில் இதைத் தேட வேண்டாம். குளிர் நாடுகளில் வளரும் பிர்ச் மரத்தின் வேரோடு சேர்ந்து வாழ்கிற காளான், அந்த மரம் இங்கே ஏது? ஆனால் செப்டம்பர் விடுமுறைக்கு ஐரோப்பா பக்கம் போகிறவர்களுக்கும், பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியவர்களுக்கும் இது தேவைப்படும். பின்லாந்தில் படிக்கும் என் அக்கா மகள் போன வருடம் ஒரு படம் அனுப்பி, "சித்தி, இதைப் பிரட்டலாமா?" என்று கேட்டாள். படத்தில் தெரிந்தது குடை மட்டும்தான். மேலிருந்து எடுத்த படத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது, அதனால் வேரோடு எடுத்துத் திருப்பிப் போட்டு, பக்கத்தில் என்ன மரம் என்பதும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னேன்.

பார்க்க வேண்டியது விளிம்பு. இளம் டார்மினோசஸ் காளானில் குடையின் ஓரம் உள்பக்கம் சுருண்டு, அதில் கம்பளி நூல் பிரிந்தது போல வெளிர் முடி தொங்கும். குடை இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம், 4 முதல் 12 செ.மீ. அகலம், மேலே வட்ட வட்டமாக அடர் வளையங்கள். மழையில் அடிபட்ட பழைய காளானில் முடி உதிர்ந்திருக்கும், அதனால் முடி இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். அடுத்து, அடியில் இருக்கும் தகடுகளைக் கத்தியால் கீறுங்கள். வெள்ளைப் பால் வரும், கொஞ்ச நேரம் வைத்திருந்தாலும் வெள்ளையாகவே இருக்கும். ஆட்கள் விரும்பிச் சாப்பிடும் லாக்டேரியஸ் டெலிசியோசஸில் பால் கேரட் சாறு நிறம், அடிபட்ட இடம் பச்சையாகும், விளிம்பில் முடி இருக்காது, வளர்வது பைன் மரத்தடியில். தண்டை ஒடித்தால் இரண்டுமே சாக்பீஸ் மாதிரி பட்டென்று உடையும், ஆகவே அதை வைத்துப் பிரிக்க முடியாது. பால் காரமாக இருக்கும் என்பது உண்மைதான், அதற்காக நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது பழகியவர்கள் வேலை.

நச்சுக் காளானோடு வேகவைத்தால் வெள்ளிக் கரண்டி கருக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான் என்பதெல்லாம் சும்மா. நத்தைக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று என்ன இருக்கிறது!

இன்னொரு சிக்கல், பின்லாந்துக்காரர்கள் இதையே நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில் ஊறப்போட்டுச் சாப்பிடுகிறார்கள். அது அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். மஞ்சள் போட்டு வதக்கினால் சரியாகிவிடும் என்று நாம் இறங்கக் கூடாது. அக்கா மகளின் இரண்டாவது படத்தில் முடியும் இருந்தது, பின்னால் வெள்ளைப் பட்டை பிர்ச்சும் இருந்தது. அன்றைக்கு அவளுக்கு முட்டைப் பிரட்டல்தான்.

இங்கே சிங்கப்பூரில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மழை விட்ட மறுநாள் அடுக்குமாடி புளோக் பக்கத்துப் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையும் மேலே பழுப்புச் செதிலுமாக நிற்குமே, குளோரோஃபில்லம் மாலிப்டைட்டீஸ், அதுவும் நச்சுதான். குடையை மட்டும் வெட்டி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி இரவு முழுக்க விட்டால் காலையில் தாளில் பச்சைத் தூள் படிந்திருக்கும். டார்மினோசஸ் என்றால் வெளிர் கிரீம் நிறம். புக்கிட் தீமா, மெக்ரிட்சி காடுகளில் கண்டதை அங்கேயே விட்டுவிடுங்கள், இயற்கை வனப்பகுதியில் அனுமதி இல்லாமல் எதையும் பறிப்பது குற்றம்.

யாராவது சாப்பிட்டுவிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், மோசமாக இருந்தால் சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தொல்லை ஆரம்பித்தால் இன்னும் ஆபத்து, ஈரலைத் தாக்கும் அமானிட்டா வகையாக இருக்கலாம். மீதிக் காளானைக் குப்பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து அழுகிவிடும்.