தெருவிளக்கு விழாத இடத்தில் சாமந்தி

ஒவ்வொரு ஜனவரியிலும் பெங்களூரில் எங்கள் அல்சூர்த் தெருவில் இது நடக்கும். தீபாவளிச் சமயத்தில் நர்சரியிலிருந்து வாங்கி வாசலில் அழகாக வைத்த சாமந்தித் தொட்டிகள் பூ காய்ந்து, அடியிலை கருகி, குப்பை வண்டி வரும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்துத்தான் வைக்கிறார்கள். சாகவில்லை. மேல்மண்ணை இரண்டு விரலால் கிளறிப் பார்த்தால் தூரடியில் வெளிர்பச்சையாக நான்கைந்து கன்றுகள் தலைநீட்டிக்கொண்டிருக்கும். சாமந்தி பல்லாண்டுச் செடி. மேலே இருப்பது காய்ந்தாலும் கீழே இருப்பது அடுத்த வருடத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்.

என் பாத்தியில் இப்போது நிற்கும் ஊதாச் சாமந்தி முழுவதும் அப்படி எதிர்வீட்டு வாசலிலிருந்து தூக்கிவந்த ஒரே தொட்டியின் வாரிசுகள். "இதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறீர்கள் சார்?" என்று அந்த வீட்டு அம்மா சிரித்தார். அடுத்த டிசம்பரில் அவர்கள் பூஜைக்கு நாங்கள்தான் இரண்டு முழம் கட்டிக்கொடுத்தோம்.

நான் லேத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், அவ்வப்போது உரம் போடுங்கள்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஆகவே அளவு தெரிந்த இடத்தில் அளவோடு சொல்கிறேன்.

முதலில் செடியை வாங்குவது. ஒரு முழ உயரத்துக்கு மேல் போகாத, புதராக விரியும் குட்டை ரகமே வீட்டுத் தோட்டத்துக்கு வசதி. குச்சி நடத் தேவையில்லை, மழையில் சாயாது. லக்னோவில் இருக்கும் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம், நுனி கிள்ளாமலும் குச்சி நடாமலும் தானே உருண்டையாக வளரும் சிறு ரகங்களை உருவாக்கியிருக்கிறது. அந்த வகை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். மற்றபடி, கடையில் குட்டையாக இருப்பதெல்லாம் குட்டை ரகம் அல்ல. தொட்டியில் விற்கும் செடிகளுக்கு வளர்ச்சியை ஒடுக்கும் மருந்து தெளிப்பது பூ வியாபாரத்தில் வழக்கம். மருந்தின் வீரியம் போனதும் அடுத்த வருடம் அதே செடி இரண்டு மடங்கு உயரும். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நானும் ஒரு வருடம் சண்டைக்குக் கிளம்பினேன். செடியின் சுபாவம் அதுதான் என்று பிறகு புரிந்தது. கணு நெருக்கமாகவும், அடியிலிருந்தே பல கிளைகளாகவும் இருக்கும் செடியைத் தேர்ந்தெடுப்பது ஓரளவு பாதுகாப்பு.

ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தும் பாருங்கள். சாமந்தி இலைக்குக் காட்டமான, கொஞ்சம் மாசிப்பத்திரி போன்ற வாசனை உண்டு. அது இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது சீன ஆஸ்டராக இருக்கலாம். அதுவும் அழகான பூதான். நம் ஹெசரகட்டா தோட்டக்கலை நிறுவனமே காமினி, பூர்ணிமா என்று அதில் நல்ல ரகங்கள் கொடுத்திருக்கிறது. ஆனால் அது ஒரு பருவத்துச் செடி, பூத்ததும் கதை முடிந்தது.

இடம்தான் எனக்குப் பெரிய பாடம். எங்கள் வீட்டில் தரையடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு கீற்று நிலம் இருக்கிறது. காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரை நல்ல வெயில். சம்ப்பின் கசிவால் கோடையிலும் மண் ஈரமாக இருக்கும். ஈரமும் வெயிலும் சேர்ந்த இடம், சாமந்திக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பதினான்கு கன்றுகளைத் தரை மட்டத்திலேயே நட்டேன். பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும்தான் மழை கொட்டும் மாதங்கள். அக்டோபர் முடிவதற்குள் பதினொன்று போய்விட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, கொழகொழவென்று உருவிக்கொண்டு வந்தது.

சாமந்திக்கு ஈரம் பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது. அதன் வேர் ஆழமாகப் போவதில்லை. மேல் அரையடி காய்ந்தாலும் வாடும், அதே அரையடியில் நீர் நின்றாலும் அழுகும். அதனால் அடுத்த வருடம் பழைய செங்கல் வைத்து ஆறு அங்குலம் பாத்தியை உயர்த்தினேன். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாண எரு ஒரு பங்கு, ஆற்று மணலுக்குப் பதில் இப்போது கிடைக்கிற எம்.சாண்டைத் தூசு போகக் கழுவி ஒரு பங்கு. சதுர அடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கீழே கசிவின் ஈரம், மேலே வடிகால். அதற்குப் பிறகு வேர் அழுகி ஒரு செடியும் போகவில்லை. தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு எட்டு அங்குலத் தொட்டி போதும். அடித்துளையை ஓட்டுச் சில்லால் மூடி இதே கலவையை நிரப்பலாம்.

தண்ணீர் எப்போது என்பதை விரல்தான் சொல்லும். ஓர் அங்குல ஆழத்தில் காய்ந்திருந்தால் ஊற்றவும், இல்லையென்றால் வேண்டாம். காலையில், அடியில் ஊற்ற வேண்டும். இலைமேல் பீய்ச்சினால் கீழ் இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்து, அது படிப்படியாக மேலேறும். புள்ளி கண்ட இலையை அன்றே கிள்ளி வெளியே போட்டுவிடுங்கள். இன்னொன்று: ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைச் சிக்கனம் என்று நினைத்து இரண்டு மாதம் செடிகளுக்கு ஊற்றினேன். அதில் உப்பு அதிகம். இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிட்டது. அந்தத் தண்ணீர் இப்போது வாசல் கழுவப் போகிறது.

நடுவது ஜூனில். தூரடிக் கன்றுகளை வேரோடு பிரித்து, கன்றுக்குக் கன்று ஓர் அடி விட்டு, மாலையில் நட வேண்டும். நான்கு வாரத்தில் ஆறேழு இலை விட்டிருக்கும். அப்போது நுனியை ஒரு சென்டிமீட்டர் கிள்ளுங்கள். மனம் வராது, ஆனாலும் கிள்ளுங்கள். ஒரு நுனி போனால் மூன்று நான்கு கிளை வரும். அவை நாலு அங்குலம் வளர்ந்ததும் அவற்றின் நுனியையும் கிள்ள வேண்டும். சிலருக்கு அந்தச் சாறு பட்டால் கை அரிக்கும். என் மனைவிக்கு அரிக்கும், அதனால் இந்த வேலை என்னுடையது.

கடைசிக் கிள்ளல் ஆகஸ்ட் 15. லால்பாக் பூங்காவில் சுதந்திர தின மலர்க்காட்சி நடக்கிற வாரம் என்று நினைவு வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு கத்திரியை உள்ளே வைத்துவிட வேண்டும். செப்டம்பரிலும் ஆசை ஆசையாகக் கிள்ளிக்கொண்டிருந்தால் பூவைத்தான் கிள்ளுகிறீர்கள்.

இனி இருட்டு. சாமந்தி நீண்ட, இடையில் வெளிச்சம் படாத இரவைப் பார்த்துத்தான் மொட்டுக் கட்டும். பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் புகையிலையையும் சோயாவையும் வைத்து எழுதினார்கள். சாமந்தியும் அந்த வகைதான். பெங்களூரில் ஜூன் இறுதிப் பகல் சுமார் பன்னிரண்டே முக்கால் மணி நேரம், டிசம்பர் இறுதிப் பகல் சுமார் பதினொன்றரை. குளிர்நாடுகளைப்போல் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் இங்கே மார்ச்சிலும் ஜூலையிலும்கூட அங்கொன்று இங்கொன்றாக அகால மொட்டு வரும். இரக்கமில்லாமல் கிள்ளிவிடுங்கள். ஓசூர், சிக்கபள்ளாபுரம் பக்கம் இரவில் பஸ்ஸில் போனால் சில பூந்தோட்டங்களில் வரிசையாக விளக்கு எரிவதைப் பார்க்கலாம். அது திருவிழா அல்ல. மொட்டு வைக்காமல் செடியை வளரவைத்து, விலை கிடைக்கும் நாளுக்குப் பூவைத் தள்ளிப்போடும் உத்தி.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இருந்த வருடம், எங்கள் சுவருக்கு வெளியே இருந்த மஞ்சள் தெருவிளக்கை எடுத்துவிட்டுக் கண்கூசும் வெள்ளை விளக்கைப் போட்டார்கள். நவம்பர் வந்தது. பாத்தியின் ஒரு பாதி மொட்டின் கனம் தாங்காமல் நின்றது, மறுபாதியில் வெறும் இலை. அதே மண், அதே தண்ணீர், அதே கன்று. உரம் போதவில்லை என்று நினைத்துக் கடலைப் பிண்ணாக்குக் கரைசலை ஊற்றினேன். இலை இன்னும் கரும்பச்சையாகக் கொழுத்தது, அவ்வளவுதான். ஒருநாள் இரவு நத்தை பொறுக்க இறங்கியபோதுதான் பார்த்தேன்: முருங்கை மரத்தின் நிழல் பாத்தியின் குறுக்கே விழுந்திருந்தது. நிழலுக்குள் இருந்த செடியெல்லாம் மொட்டு. வெளிச்சத்தில் இருந்ததெல்லாம் மலடு. அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் இருந்தது. லேத்தில் வேலை பார்த்தவனுக்கு அந்தக் கோட்டைப் பார்க்க ஒரு மகிழ்ச்சி.

மறுநாளே பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கறுப்புப் பக்கம் தெரியும்படி சுவரின் மேல் இரண்டு குழாயில் கட்டினேன். நான்கு வாரத்தில் மொட்டு வந்தது. குடியரசு தினத்துக்குப் பூத்தன. இப்போது ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசியில் பேனர் ஏறிவிடும். தலைவரின் முகம் தெருப்பக்கம் தெரிகிறது என்று பையன் கேலி செய்கிறான். வெளிச்சத்தை மறைத்தால் போதும், செடியைப் பிளாஸ்டிக்கால் போர்த்தாதீர்கள். மழைக்காலத்தில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். உங்கள் வீட்டு வாசல் விளக்கையும் கவனியுங்கள். தொட்டியில் வைத்திருப்பவர்கள் தண்ணீர்த் தொட்டியின் பின்னாலோ மாடிப்படி மறைவிலோ, வெயில் வந்து விளக்கு வராத மூலையாகப் பார்த்து நகர்த்திவிடலாம்.

நத்தை என்றேன். மழை தொடங்கியதும் உள்ளங்கையளவு ஆப்பிரிக்க நத்தைகள் பெங்களூர்த் தோட்டங்களில் படையெடுக்கும். இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. கையுறை கட்டாயம், வெறும் கையால் தொடாதீர்கள். அந்த இரண்டு நிமிட வெளிச்சத்தால் மொட்டுக்கு ஒன்றும் ஆகாது. மொட்டுக் காம்பில் கறுப்பு அசுவினிப் பூச்சி மொய்த்தால் முதலில் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

பிண்ணாக்குக் கரைசல் மொட்டு வரும்வரைதான். நூறு கிராம் கடலைப் பிண்ணாக்கை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. நாற்றத்துக்கு அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. மொட்டு கண்டதும் நிறுத்திவிட்டு, அடுப்புச் சாம்பல் கிடைத்தால் செடிக்கு ஒரு தேக்கரண்டி தூவுகிறேன். வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீரால் அதிசயம் நடக்கும் என்கிறார்கள். ஒரு வருடம் பாதிச் செடிக்கு ஊற்றிப் பார்த்தேன், மீதிப் பாதிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பூவைப் பறிப்பதென்றால் முழுதாக விரிந்தபின் பறியுங்கள். வாடியதை அப்போதைக்கப்போது நறுக்கினால் ஜனவரி நடுவரை பூ வரும். பூ ஓய்ந்ததும் தண்டை மண்ணிலிருந்து மூன்று அங்குலம் விட்டு வெட்டிவிட வேண்டும். பாத்தி மொட்டையடித்ததுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். பிப்ரவரியில் கன்றுகள் கூட்டமாக வரும். மார்ச்சிலிருந்து மே வரை வளர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள், உயிரோடு இருந்தால் போதும். பிற்பகல் வெயில் படாமல் ஒரு பச்சை வலை, ஈரம் காயாமல் தண்ணீர். உரம் வேண்டாம்.

ஜூனில் தூரைத் தோண்டிப் பிரிக்கும்போது நடுவில் மரத்துப்போன பழைய கட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சுற்றி இருக்கும் இளங்கன்றுகளே நடுவதற்கு. ஒரு தூரில் எட்டுப் பத்துக் கன்று தேறும். எனக்கு வேண்டியது பதினான்கு. மீதியை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, எந்த நிறம் என்று மேலே எழுதி, வாசல் திண்ணையில் வைத்துவிடுவேன். போன ஜூனில் முதல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனவர் எதிர்வீட்டு அம்மாதான்.