சபை வரலாறு எழுதுவோருக்கு: முதலில் பதிவேட்டைத் திறவுங்கள்

லூத்தரன் சபையொன்றின் வரலாற்றை, ஜெர்மன் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து தொடங்கினால், உங்கள் ஊர் வருவதற்குள் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். மட்டக்களப்பில் இன்னொரு குழப்பமும் உண்டு. 1814 இல் இங்கு வந்த வில்லியம் ஓல்ட் மெதடிஸ்த மிஷனரி. அவர் கதை மெதடிஸ்த சபையினருடையது. அமெரிக்க லூத்தரன் சபையான மிசோரி சினட்டின் பணி 1927 இல்தான் மலையகத் தோட்டங்களில் தொடங்கியது. இவ்வளவுக்கும் ஒரு பந்தி போதும்.

ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், அடக்கம், திருவிருந்து ஆகிய பதிவேடுகளை முதலில் ஒன்றுசேருங்கள். கூட்டக் குறிப்பையும் காணிக்கைக் கணக்கையும் விடவேண்டாம். கணக்குக் கொப்பியை யாரும் புரட்டுவதில்லை. ஆனால் கிடுகு வாங்கிய செலவு நின்று ஓடும் சீமெந்தும் வாங்கிய செலவு தொடங்கும் பக்கம், கட்டட வரலாற்றுக்கு நினைவுக்கல்லை விட நல்ல சாட்சி.

ஈரம் பிடித்த பதிவேட்டை வெயிலில் வைக்காதீர்கள், தாள் சுருளும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி உலர்த்துங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். கைத்தொலைபேசியில் படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். யன்னலோரம் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். மட்டையையும் வெற்றுப் பக்கத்தையும் கூட எடுங்கள். கோப்புக்குப் பதிவேட்டின் பெயர், ஆண்டு, பக்க எண் என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். மாரி தொடங்குமுன் இந்த வேலையை முடிப்பது நல்லது.

சபை எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு ஒரு திகதி போதாது. முதல் வீட்டு ஆராதனை, முதல் ஞானஸ்நானம், காணி கிடைத்தது, அடிக்கல், பிரதிஷ்டை என ஐந்தையும் தனித்தனியே எழுதுங்கள். பலர் பிரதிஷ்டை ஆண்டையே சபையின் பிறந்தநாளாக்கி விடுகிறார்கள். பதிவேட்டின் முதல் வரியையும் கண்ணை மூடி நம்பவேண்டாம்: நாலைந்து வருடப் பதிவுகள் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தால் அவை பிறகு ஒரே இருப்பில் பார்த்தெழுதியவை. அப்படியானால் அதற்கு முந்திய கொப்பி ஒன்று இருந்திருக்க வேண்டும். பழைய உபதேசியார் (போதகருக்கு உதவியாக உபதேசித்தவர்) வீட்டுப் பெட்டியில் தேடுங்கள்.

காணிக்கு உறுதிப் பத்திரம் இருந்தால் காணிப் பதிவகத்தில் பார்க்கலாம். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியென்றால் அங்கே அலைந்து பயனில்லை, பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சபைகள் அதற்கு முந்திய ஆவணங்களை மட்டக்களப்பின் கீழும் தேடவேண்டும்.

முதியவர்களிடம் “எந்த வருடம்?” என்று கேட்காதீர்கள். “சூறாவளிக்கு முன்னமா, பின்னமா?” என்று கேளுங்கள், 1978 நவம்பர் 23 இங்கு எவருக்கும் மறக்காது. அதற்குப் பின்னைய கதைக்கு 1990 போர்க்கால இடப்பெயர்வும் 2004 சுனாமியும் அளவுகோல். கூரை போன பிறகு ஆராதனை எங்கே நடந்தது, மணி யார் வீட்டில் இருந்தது போன்ற கேள்விகளுக்குப் பதில் கடகடவென்று வரும். நாலுபேரை ஒன்றாக இருத்திக் கேட்டால் மூத்தவர் சொல்வதே எல்லாருடைய ஞாபகமும் ஆகிவிடும், தனித்தனியே கேளுங்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருந்தால், அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற தோட்டத்தின் பெயரைக் கேட்டெழுதுங்கள். தோட்டத்துக்கு ஆட்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று, பதிவேட்டு ஆங்கிலப் பெயர் வேறொன்றாக இருக்கும், இரண்டும் வேண்டும்.

தகப்பன் பெயர் எழுதாத ஞானஸ்நானப் பதிவு, சபை ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றை அச்சில் ஏற்றாதீர்கள். சம்பந்தப்பட்டவரின் பேரப்பிள்ளை அடுத்த வாங்கில் இருக்கலாம். வரைவை இரண்டு பக்கமும் அகல ஓரம் விட்டு அச்சிட்டு, ஒரு மாதம் ஆலயத்தில் பென்சிலோடு வையுங்கள். திருத்தம் எழுதுபவர் ஆதாரம் எதுவென்றும் எழுதட்டும். இரண்டு பேச்சு முரண்பட்டால் இரண்டையும் போடுங்கள்.