சர்க்கரையை மின்முனையில் மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளுக்கோஸ் கரைசலில் ஓர் உலோகத் தகட்டை இறக்கி மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்தினால், திரையில் மின்னோட்டக் கோடு ஏறுவதைக் காணலாம். அந்த ஏற்றத்தையே விளைபொருளுக்குச் சாட்சியாகக் கொள்வதுதான் இத்துறையில் மிகப் பரவலான தவறு. எத்தனை எலக்ட்ரான்கள் கடந்தன என்பதை மட்டுமே மின்னோட்டம் சொல்லும். அவை எந்த வினையிலிருந்து வந்தன என்பதைச் சொல்லாது. குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்று குளுக்கோனேட்டாக (குளுக்கோனிக் அமிலத்தின் அயனியாக) மாறினால் 2 எலக்ட்ரான்கள் வெளியேறும். குளுக்காரிக் அமிலம் வரை சென்றால் 6, ஆறு ஃபார்மேட்டுகளாக உடைந்தால் 12, முழுவதும் கார்பன் டை ஆக்சைடானால் 24. ஆகவே 193 கூலும் மின்னூட்டம் 1 மில்லிமோல் குளுக்கோனேட் உருவானதையும் குறிக்கலாம். அதில் ஆறில் ஒரு பங்குக் குளுக்கோஸ் ஃபார்மேட்டாகச் சிதைந்ததையும் குறிக்கலாம்.

இதைவிட நுட்பமான தவறு, மின்சாரம் பாய்வதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. தங்கமும் நிக்கலும் செம்பும் காரக் கரைசலில்தான் நன்றாகச் செயல்படுகின்றன என்பதால், சர்க்கரையைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து வைப்பது வழக்கம். ஆனால் காரம் சும்மா இருப்பதில்லை. அதில் குளுக்கோஸ் தானாகவே ஃபிரக்டோஸாகவும் மானோஸாகவும் மாறும் என்பதை லோப்ரி டி புரூயின், ஆல்பெர்டா வான் எகென்ஸ்டைன் என்னும் டச்சு வேதியியலாளர்கள் 1895 ஆம் ஆண்டிலேயே காட்டினர். காலையில் நீர்போல் தெளிந்திருந்த கரைசல் மாலையில் இளமஞ்சளாகத் தெரிந்தால், அந்தச் சிதைவு எளிய மாற்றியமாக்கலையும் தாண்டிவிட்டது என்று பொருள். வெப்பம் அதை இன்னும் விரைவுபடுத்தும். எனவே சர்க்கரையை மின்பகுப்புக்குச் சற்று முன்பே சேர்க்க வேண்டும். அதே கரைசலின் ஒரு பகுதியை, மின்சாரம் செலுத்தாமல், அதே வெப்பநிலையில் அதே நேரம் வைத்திருந்து பகுப்பாய்வு செய்யவும் வேண்டும். இந்த ஒப்பீட்டுச் சோதனையைத் தவிர்த்தவர்கள் காரத்தின் வேலையை மின்முனையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

காரத்தின் அளவிலும் ஒரு பொறி உண்டு. ஒரு குளுக்கோஸ் குளுக்கோனேட்டாகும்போது நேர்மின்முனையில் மூன்று ஹைட்ராக்சைடு அயனிகள் செலவாகின்றன. நேரயனிகளை மட்டும் கடக்கவிடும் சவ்வால் பிரிக்கப்பட்ட கலனில் இந்த இழப்பு ஈடாவதில்லை. அங்கே சர்க்கரையும் காரமும் 0.1 மோலார் செறிவில் இருந்தால், மூன்றில் ஒரு பங்குச் சர்க்கரை மாறியதுமே காரம் தீர்ந்துவிடும். அதன்பின் மின்னோட்டம் சரிவதைக் கண்டு மின்முனை பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம்.

உலோக மின்முனை என்ற பெயரும் சற்றே ஏமாற்றக்கூடியது. நிக்கலில் வேலை செய்வது உலோகமன்று, அதன்மேல் படரும் ஆக்சிஹைட்ராக்சைடுப் படலம். அது கார்பன் பிணைப்புகளையே உடைக்கக்கூடியது. தங்கமோ மிதமான மின்னழுத்தத்தில் பெரும்பாலும் ஆல்டிஹைடு முனையோடு நின்றுவிடுகிறது. செம்பு தானே ஆக்சிஜனேற்றம் அடைவதால், சர்க்கரை இல்லாத கரைசலில் பதிவெடுக்காமல் எந்த முகட்டையும் நம்பக்கூடாது. பிளாட்டினத்தில் வினை இடைப்பொருள்கள் ஒட்டிக்கொண்டு செயலை முடக்கும். மின்னழுத்தத்தை அளக்க உதவும் ஒப்பீட்டு மின்முனையாக வெள்ளி–வெள்ளிக் குளோரைடை வைத்தால் கசியும் குளோரைடு தங்கத்தின்மேல் படியும். காரத்துக்குப் பாதரசம்–பாதரச ஆக்சைடே பொருத்தம்.

சர்க்கரை எலக்ட்ரான்களை ஏற்கும் ஒடுக்க வினையில் தவறு வேறு திசையில் வரும். எதிர்மின்முனையாகப் பிளாட்டினத்தைத் தேர்ந்தால் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் குமிழ்களாகப் போய்விடும். 1937 இல் அமெரிக்காவின் அட்லஸ் பவுடர் நிறுவனம் குளுக்கோஸைச் சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹாலாக மாற்றியபோது பாதரசம் பூசிய ஈயத்தைப் பயன்படுத்தியதற்குக் காரணம், அதன்மேல் ஹைட்ரஜன் எளிதில் வெளிப்படாது என்பதே. அங்கேயும் கரைசல் காரமாக இருந்தால் ஃபிரக்டோஸ் உருவாகி, மானிட்டால் என்னும் மற்றொரு சர்க்கரை ஆல்கஹாலும் உடன் வரும்.

இறுதியில் பகுப்பாய்வு. கரைசலின் கூறுகளைப் பிரிக்கும் நிறப்பிரிகைக் கருவியின் அமில வகைப் பிரிப்புக் கம்பத்தில் குளுக்கோஸும் குளுக்கோனிக் அமிலமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளிவருவதால், ஒளிவிலகல் உணரியின் ஒற்றை முகட்டை எவ்வளவு கவனமாக அளந்தாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மாதிரியை நடுநிலையாக்கி, எதிரயனிப் பரிமாற்றக் கம்பத்தில் மறுமுறை பிரித்து, மீந்த சர்க்கரையிலும் விளைபொருள்களிலும் உள்ள கார்பனைக் கூட்டித் தொடக்க அளவோடு ஒப்பிட்ட பிறகே ஃபாரடே திறனை, அதாவது செலுத்திய மின்னூட்டத்தில் விரும்பிய விளைபொருளுக்குப் பயன்பட்ட பங்கை, கணக்கிட வேண்டும்.