மேனெட்டில் சேவைத் தர ரூட்டிங்: கணக்கு தவறும் இடங்கள்

11 எம்பிபிஎஸ் சேனல். ஜி.711 (குரலைப் பிட்டுகளாக்கும் முறை) குரல் அழைப்பு ஒன்றுக்கு, ஐபி தலைப்பும் சேர்த்து, ஒரு திசைக்கு 80 கேபிபிஎஸ். வகுத்துப் பார்த்துவிட்டு அறுபதுக்கு மேல் அழைப்புகள் தாங்கும் என்று எழுதிவிடுகிறார்கள். மேனெட்டில், அதாவது மையக் கருவி இல்லாமல் நகரும் கருவிகளே ஒன்றுக்கொன்று பாக்கெட் கடத்தும் மொபைல் அட்-ஹாக் நெட்வொர்க்கில், அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

வகுக்க வேண்டியது நேரத்தை, பிட்டை அல்ல. 802.11பி என்ற வைஃபை தரத்தில் 200 பைட் குரல் பாக்கெட் காற்றில் போக, மேக் (சேனலில் யார் எப்போது அனுப்புவது என்பதை ஆளும் அடுக்கு) தலைப்போடு சேர்த்து, சுமார் 170 மைக்ரோ விநாடிதான். அதற்கு முன்னால், பெறும் கருவியைத் தயார்படுத்தும் நீண்ட ப்ரியாம்பிள் 192. அனுப்பும் முன் கட்டாயமாகக் காத்திருக்கும் டிஃப்ஸும், மோதலைத் தவிர்க்கத் தற்செயல் அளவில் காத்திருக்கும் பேக்ஆஃபின் சராசரியும் 360. பின்னால், கிடைத்தது என்று சொல்லும் ஏசிகே வந்து சேர 260. ஆக, பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 1 மில்லி விநாடி. இரு திசைக்கும் விநாடிக்கு 100 பாக்கெட் என்றால், ஒரே ஹாப்பில் (ஒரு நோடிலிருந்து, அதாவது கருவியிலிருந்து, அடுத்ததற்குப் போகும் ஒரு தாவலில்) சேனலின் பத்தில் ஒரு பங்கு போயிற்று. மூன்று ஹாப் வழியில் ஒரு நோடு அனுப்பும்போது மற்றவை வாய்மூடிக் காத்திருக்கும் என்பதால் 30 சதவீதம். மூன்று அழைப்போடு கதை முடிந்தது. நான்காவதை உள்ளே விட்டால் ஏற்கெனவே நடக்கும் மூன்றும் சேர்ந்தே கெடும். எனவே, புது அழைப்பை ஏற்கலாமா என்று பார்க்கும் அனுமதிச் சோதனையில் நோடு தன் சேனலின் ஓய்வு நேரத்தோடு நிற்கக் கூடாது. இரண்டு ஹாப் சுற்றளவில் யாருக்கு ஓய்வு மிகக் குறைவோ, அந்த அளவையே எடுக்க வேண்டும்.

அடுத்த தவறு ஹலோவை நம்புவது. அது, தான் இருப்பதை அண்டை நோடுகளுக்கு அறிவிக்கும் சிறிய பிராட்காஸ்ட் பாக்கெட். அடிப்படை வேகத்தில் போவதால் தூரம் எட்டும். 11 எம்பிபிஎஸ் தரவு அங்கே எட்டாது. டேபிளில் அண்டை நோடு இருக்கும், குரல் போகாது. ஹாப்பை மட்டும் எண்ணும் ஏஓடிவி என்ற ரூட்டிங் நெறிமுறை இப்படிப்பட்ட நீண்ட, நலிந்த இணைப்பையே தேடிப் பிடிக்கும். ஒரு பாக்கெட் சேர எத்தனை முயற்சி வேண்டும் என்று எண்ணும் இடிஎக்ஸ் அளவையில் பாருங்கள்: இரு திசையிலும் 60 சதவீதம் சேரும் ஒரே ஹாப்புக்கு 1/(0.6×0.6), அதாவது 2.8 முயற்சி, 95 சதவீதம் சேரும் இரண்டு ஹாப்புக்கு மொத்தம் 2.2. சுற்றுவழியே மேல். ஆனால் சோதனைப் பாக்கெட்டைத் தரவின் அளவிலும் வேகத்திலும் அனுப்பாவிட்டால் இடிஎக்ஸும் ஏமாற்றும்.

இணைப்பு அறுந்ததை அறியவும் ஹலோ போதாது. ஏஓடிவியை வரையறுக்கும் ஆர்எஃப்சி 3561-இன் இயல்பு மதிப்புப்படி 1 விநாடிக்கு ஒரு ஹலோ, இரண்டு தவறினால் முறிவு. ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டிய அழைப்புக்கு 2 விநாடி மௌனம் தாங்காது. ஏசிகே வராத தகவலை மேக் அடுக்கிலிருந்தே வாங்குங்கள்.

வழி கேட்டு ஆர்ரெக் அனுப்பும்போது, சேருமிடம் மட்டுமே பதில் தர வேண்டும் என்னும் ‘டி’ கொடியை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் இடையில் உள்ள நோடு பழைய வழியை எடுத்து ஆர்ரெப் என்ற பதிலை அனுப்பிவிடும்; அந்த வழியில் இப்போது இடம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சேனல் நேர முன்பதிவை ஆர்ரெக் பரவும்போதே செய்தால் ஊரெல்லாம் பூட்டிக்கொள்ளும். ஆர்ரெப் திரும்பும் வழியில் மட்டும் செய்து, டைம்அவுட்டும் வையுங்கள்.

குரலுக்கு டிஎஸ்சிபி (ஐபி தலைப்பில் உள்ள முன்னுரிமைக் குறி) 46 போட்டதோடு வேலை முடியாது. பல கருவிகள் வைஃபை முன்னுரிமை எண்ணுக்கு அதன் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுப்பதால் அது 5 ஆகி, வீடியோ வரிசையில் போய் நிற்கும். ஆர்எஃப்சி 8325 சொல்வது குரல் வரிசைக்கான 6.

சிமுலேஷனில், நோடுகளைத் தற்செயலான இடங்களுக்கு நகர்த்தும் ரேண்டம் வேபாயிண்டின் குறைந்தபட்ச வேகத்தை 0 என விட்டால், நேரம் போகப் போக நோடுகளின் சராசரி வேகம் சரிந்துகொண்டே போகும். எந்த நெறிமுறையும் நன்றாகத்தான் தெரியும். 1 மீ/வி வையுங்கள், தொடக்கப் பகுதியின் அளவீடுகளைக் கழித்துவிடுங்கள்.