டிமென்ஷியா (மறதி நோய்) பராமரிப்பு மையங்களின் காப்பீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு, காப்பீடு கேட்டு நிரப்பிக் கொடுக்கும் புரொபோசல் படிவத்திலேயே நடந்துவிடுகிறது. என்ன தொழில் என்று கேட்கும் இடத்தில் ‘டிரஸ்ட் அலுவலகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பிரீமியம் குறையும் என்று அப்படி எழுதச் சொல்லும் ஏஜெண்டுகளும் உண்டு. ஆனால் உள்ளே நடப்பது வேறு: இருபது முதியவர்களைக் குளிப்பாட்டுகிறோம், ஊட்டுகிறோம், மாத்திரை கொடுக்கிறோம். சாயங்காலம் ஆனால் “வீட்டுக்குப் போகணும்” என்று கேட்டைத் தள்ளுபவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைக்கிறோம். படிவத்தில் இல்லாத வேலையில் விபத்து நடந்தால், உண்மையை மறைத்தீர்கள் என்று சொல்லியே கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். எத்தனை பேர், இரவு தங்குகிறார்களா, மருந்து யார் கொடுப்பது, வெளியே அழைத்துப் போவீர்களா என்று அத்தனையையும் எழுதிக் கொடுங்கள், நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர்க் குழப்பம். உங்கள் இடத்தில் வெளியாருக்கு நேரும் பாதிப்புக்கு இழப்பீடு தரும் ‘பப்ளிக் லயபிலிட்டி’ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பாலிசிகள் உண்டு. 1991-ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் வருவது, அபாயகரமான இரசாயனங்களைக் கையாளும் இடங்களுக்கானது. பராமரிப்பு மையத்துக்கு அது உதவாது. உங்களுக்கு வேண்டியது தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான பப்ளிக் லயபிலிட்டி.

அதை மட்டும் வாங்கி நிறுத்திக்கொள்வதும் தவறுதான். ஒரு பாட்டியைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கிக் கழிவறையில் உட்கார வைக்கும்போது கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது என்று வையுங்கள். தரையில் தண்ணீர் நின்றதால் வழுக்கியிருந்தால் அது இடத்தின் குறை. பப்ளிக் லயபிலிட்டியில் வரும். தூக்கிய முறை தப்பு என்றால் அது தொழில்முறைச் சேவையில் நடந்த தவறு. அந்தப் பாலிசி இதை விலக்கியிருக்கும். இதற்குத் தொழில்முறைத் தவறுக்கான புரொபஷனல் இண்டெம்னிட்டி பாலிசி வேண்டும். அதிலும் டாக்டர், நர்ஸ் பெயர்களை மட்டும் கொடுத்துவிட்டு, தூக்கி இறக்கும் அட்டெண்டர்களை விட்டுவிட்டால் மறுபடி ஓட்டை. இரண்டையும் ஒரே கம்பெனியில் எடுத்தால், இது எந்தப் பாலிசியில் வரும் என்று இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே நீங்கள் அலைய வேண்டியிருக்காது.

பலர் கவனிக்காத இடம் தேதி. இந்த இரண்டு பாலிசிகளும் நம் நாட்டில் பெரும்பாலும் விபத்து நடந்த நாளை மட்டும் பார்ப்பதில்லை. இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும், விபத்தும் பாலிசியில் ‘ரெட்ரோஆக்டிவ் டேட்’ என்று குறித்த முன்தேதிக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1-இல் முதன்முதலாக எடுத்து விடாமல் புதுப்பித்து வந்தால் அந்த நாளே முன்தேதியாகத் தொடரும். 2025 ஜனவரியில் ஒருவர் விழுந்து, 2026 ஆகஸ்டில் நோட்டீஸ் வந்தாலும் பாதுகாப்பு உண்டு. கட்டணம் வாங்கும் மையத்தின் மீது நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய 2 ஆண்டு அவகாசம் இருப்பதால் இப்படித் தாமதமாக வருவது சகஜம். நடுவில் ஒரு மாதம் புதுப்பிக்காமல் விட்டால் முன்தேதி புதிதாகத் தொடங்கிவிடும். பழைய விபத்து வெளியே போய்விடும். நன்கொடை வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64-வி.பி. பிரிவுப்படி பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்க முடியாது.

ஊழியர்கள் விஷயத்தில் இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) இருக்கிறதே என்று இருந்துவிடுகிறார்கள். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் பொதுவாக அதில் வரமாட்டார். அவருக்கு, வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் டபிள்யூ.சி. (ஒர்க்மென்ஸ் காம்பன்சேஷன்) பாலிசி தேவை. ஏஜென்சி மூலம் வரும் இரவு அட்டெண்டருக்கு அடிபட்டாலும் இழப்பீடு உங்களிடம் கேட்கப்படலாம். தன்னார்வலர்களோ சம்பளம் வாங்காததால் இரண்டிலும் சேரமாட்டார்கள். குழம்பிப்போன முதியவர் தள்ளிவிட்டுத் தன்னார்வலரின் கை முறிந்தால் உதவக் குழு விபத்துக் காப்பீடு எடுத்து வையுங்கள்.

வேனைப் பற்றி ஒன்று. சொந்தப் பயன்பாட்டுக்கென்று பதிவான வண்டியில் முதியவர்களை ஏற்றிக்கொண்டு, குடும்பத்திடம் ‘வேன் கட்டணம்’ வாங்கினால் அது வாடகைப் பயன்பாடு. பாலிசி நிபந்தனையை மீறியதாகிவிடும். காருக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது பொருந்தாது.

தீ விபத்துக் காப்பீட்டில் மதிப்பைக் குறைத்துப் போடாதீர்கள். 40 லட்சம் பெறும் பொருளுக்கு 20 லட்சம் மட்டும் போட்டால், 5 லட்சம் நட்டத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம்தான் கிடைக்கும். முதியவர்களின் வளையல், சங்கிலி உங்கள் பொருள் அல்ல என்பதால் சாதாரணத் திருட்டுப் பாலிசியில் வராது. சேர்க்கும் நாளிலேயே கழற்றி வீட்டாரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

‘எது நடந்தாலும் மையம் பொறுப்பல்ல’ என்று குடும்பத்திடம் எழுதி வாங்கிய தாளை நம்பிக் காப்பீட்டைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. கவனக்குறைவு நிரூபணமானால் அந்தத் தாள் காப்பாற்றாது.

விபத்து நடந்தால் குடும்பத்துக்கு உடனே சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். பணம் தருகிறோம் என்று மட்டும் கம்பெனியைக் கேட்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் வரட்டும் என்று காத்திராமல் அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிவேட்டில் நேரம், அருகில் இருந்தவர்கள், தரையின் நிலை, காலில் இருந்த செருப்பு, கடைசியாகக் கொடுத்த மாத்திரை எல்லாவற்றையும் அந்த ஷிப்ட் முடிவதற்குள் எழுதுங்கள். பிறகு அடித்துத் திருத்தாதீர்கள். விட்டுப்போனது இருந்தால் தேதி போட்டுக் கீழே சேருங்கள். இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வந்தால் நகலைக் கொடுங்கள், பதிவேடு மையத்திலேயே இருக்கட்டும்.