இங்கிலாந்து ஆற்றோரப் பறவைகளைப் படமெடுப்பது எப்படி: தொடக்கநிலையினருக்கு

ஆற்றோரப் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்க இங்கிலாந்தில் ஏற்ற பருவம் குளிர்காலம். கோடையில் கரையெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும். பறவையின் குரல் கேட்கும், பறவை தெரியாது. நவம்பரில் இலை உதிர்ந்ததும் அதே கிளைகள் வெறிச்சோடிவிடும். தென் இங்கிலாந்தில் டிசம்பர் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 15 டிகிரிதான் ஏறும். அதனால் வெயில் அடிக்கும் நாளில் காலை முதல் மாலை வரை சாய்வான, இதமான வெளிச்சம் கிடைக்கும். ஜூனில் அதே வெளிச்சம் வேண்டுமென்றால் காலை ஐந்து மணிக்கு முன்பே கரையில் இருக்க வேண்டும்.

படி 1: ஒரே ஆறு, ஒரே அரை மைல்

ஊர் ஊராக அலையாதீர்கள். வீட்டிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள். எந்தக் கிளையில் எந்த நேரத்தில் வெயில் விழுகிறது, நாமக்கோழிகள் எங்கே மேய்கின்றன என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

எந்த ஆறு என்று கேட்டால், ஹாம்ப்ஷயரின் இட்சன் ஆற்றைச் சொல்வேன். லண்டன் வாட்டர்லூவிலிருந்து வின்செஸ்டருக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சிட்டி மில் என்ற பழைய தண்ணீர் ஆலையிலிருந்து தெற்கே, புல்வெளிகளைக் கடந்து செயின்ட் கிராஸ் வரை ஆற்றோரமாகவே நடக்கலாம். இது சுண்ணப்பாறைக்குள் ஊறிய நிலத்தடி நீரால் ஓடும் ஆறு. மற்ற ஆறுகள் மழைக்குப் பின் கலங்கிப் பழுப்பாக ஓடும்போதும் இதன் தண்ணீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். தண்ணீர் தெளிந்திருந்தால்தான் மீன்கொத்திக்கு மீன் தெரியும். உங்களுக்கு மீன்கொத்தி தெரியும்.

வின்செஸ்டரை ஒட்டி இந்த ஆறு ஏறக்குறைய வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். மாலையில் மேற்குக் கரைக்கு மாறிவிடுங்கள்.

நடக்க உரிமையுள்ள பாதைகளில் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் அவை பச்சை நிறக் கோடிட்ட பாதைகள். அதைத் தாண்டிய கரை பெரும்பாலும் தனியார் நிலம். நீங்கள் திறந்த கேட்டை நீங்களே மூடுங்கள்; மாடும் ஆடும் மேயும் இடம் அது.

படி 2: கருவி

ஆயிரக்கணக்கான பவுண்டு லென்ஸ் இப்போது வேண்டாம். கிராப் சென்சார் (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் போதும், 300 மி.மீ. அதில் ஏறத்தாழ 450 மி.மீ. அளவுக்கு நெருக்கம் காட்டும். ஒரு பைனாகுலர், கேமராவைத் தாங்க அரிசியோ பீன்ஸோ நிரப்பிய சிறு துணிப்பை, குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும் என்பதால் உள்சட்டைப் பையில் இன்னொரு பேட்டரி. அவ்வளவுதான். டிரைபாடைக் குறுகிய நடைபாதையில் விரித்தால் நாயோடு வருபவர்களிடம் மன்னிப்புக் கேட்டே நேரம் போய்விடும். நடக்கும்போது சரசரக்கும் மழைக்கோட்டையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: கேமரா அமைப்பு

அளவுகளை நீங்களே வைக்கும் மேனுவல் முறையில் அபெர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவை) எஃப் 5.6 அல்லது 6.3-இல் வையுங்கள். அமர்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 வினாடி, பறக்கும் பறவைக்கு 1/2000. வெளிச்சத்துக்கான உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்ச அளவை 6400 என்று கட்டுப்படுத்துங்கள். குளிர்கால மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ 3200-ஐத் தொடுவது சகஜம். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரியும். அதைப் பிறகு குறைக்கலாம். ஆனால் ஷட்டர் வேகம் போதாமல் கலங்கிய படத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது.

ஃபோகஸ், நகரும் பறவையைப் பின்தொடரும் தொடர் முறையில் இருக்கட்டும். பறவையின் கண்ணை அடையாளம் காணும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். கோப்பு, பிறகு திருத்த வசதியான ரா (RAW) வடிவத்தில் இருக்கட்டும்.

படி 4: அன்னத்தில் பழகுங்கள்

அன்னம் பெரிது, மெதுவாக நகரும், மனிதரைக் கண்டு பெரும்பாலும் ஓடாது. பழகுவதற்கு அதைவிட நல்ல பறவை இல்லை. ஆனால் வெளிச்சக் கணக்கில் அது உங்களைச் சோதிக்கும். கரும் தண்ணீரில் தூரத்தில் ஒரு வெள்ளை அன்னம் நீந்துகிறது என்று வையுங்கள். படத்தின் பெரும்பகுதி இருட்டு என்பதால் கேமரா மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கும். இறகுகள் அடையாளமில்லாமல் வெளுத்துவிடும். கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடுகட்டலை ‑1-க்கு இறக்குங்கள். அதே அன்னம் அருகில் வந்து படம் முழுக்க நிறைந்தால் கதை தலைகீழ்: இவ்வளவு வெள்ளையா என்று கேமரா இருட்டாக்கி, அன்னத்தைச் சாம்பல் நிறமாக்கும். இப்போது +⅔ அளவுக்கு ஏற்ற வேண்டும். வெளுத்த இடங்கள் திரையில் மினுக்கும் எச்சரிக்கையை இயக்கிவைத்து, கழுத்திலும் முதுகிலும் அது மினுக்குகிறதா என்று பாருங்கள். இது கைவந்துவிட்டால் சின்னக் கொக்குக்கும் இதே கணக்குதான்.

படி 5: தாழ இறங்குங்கள்

நின்றபடி கீழ்நோக்கி எடுத்த வாத்துப் படத்தில் வாத்தின் முதுகும் தண்ணீரும்தான் இருக்கும். துணிப்பையைத் தரையில் வைத்து, லென்ஸைப் பறவையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்புலம் பறவையிலிருந்து வெகுதூரம் தள்ளிப்போய் மெழுகியதுபோல் மென்மையாகும்.

படுப்பதற்குமுன் கரையைப் பாருங்கள். வெள்ளம் அரித்த விளிம்பு கால் வைத்தால் இடிந்து விழலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆற்று நீர் படாமல் மூடிக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதில் இருக்கக்கூடும். கோடையில் நெட்டில் செடி பட்டால் சுள்ளென்று எரியும். கூடவே ஆளுயரம் வளர்ந்து இளஞ்சிவப்பாகப் பூத்திருப்பது இமாலயன் பால்சம். நம் காசித்தும்பையின் உறவு. 1839-இல் தோட்டச் செடியாக இங்கே கொண்டுவந்தார்கள். இன்று ஆற்றங்கரைகளை விழுங்கி நிற்கிறது. முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை சிதறும். தொடாதீர்கள்.

படி 6: மீன்கொத்தி

இங்கிலாந்தில் இருப்பது ஒரே வகை மீன்கொத்திதான். தமிழ்நாட்டுக் குளங்களில் காணும் சிறு நீல மீன்கொத்தியும் இதே இனம்தான். அளவில் ஏறக்குறைய சிட்டுக்குருவிதான் என்பதை மறந்துவிட்டுப் பெரிதாக எதையோ தேடுபவர்கள் அதிகம்.

முதலில் காது. சீழ்க்கைபோல் கூர்மையாக ஒரு ஒலி வரும். உடனே மரத்தைப் பார்க்காதீர்கள், நீர்மட்டத்தைப் பாருங்கள். அதை ஒட்டி நேர்க்கோட்டில் நீலமாக ஒன்று பாயும். எங்கே போய் அமர்கிறது என்று பைனாகுலரில் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடும் நீருக்கு மேல் நீட்டிய கிளை, அதன்மேலும் கீழும் வெள்ளை எச்சக் கோடுகள்: அதுதான் அது வழக்கமாக அமரும் இடம்.

துரத்தினால் அது உங்களுக்கு முன்னால் பறந்துகொண்டே இருக்கும். அந்தக் கிளையிலிருந்து பதினைந்து மீட்டராவது தள்ளி, முதுகுக்குப் பின்னால் புதர் இருக்கும்படி உட்காருங்கள். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெரியக்கூடாது. வெறும் கிளையிலேயே ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருங்கள். பறவை வந்து, தலையை மேலும் கீழும் ஆட்டினால் பாயப் போகிறது என்று பொருள். பாய்ச்சலைப் படமெடுக்க 1/3200 வேண்டும், அதிர்ஷ்டமும் வேண்டும். தொடக்கத்தில் அதை விட்டுவிடுங்கள். மீனோடு அது கிளைக்குத் திரும்பும் கணம்தான் உங்களுக்கானது. மீனைக் கிளையில் அடித்து அடித்து அசைவற்றதாக்கி, தலைப்பக்கமாக விழுங்கும். கீழ் அலகு ஆரஞ்சு நிறமாக இருந்தால் பெண். முழுக் கறுப்பானால் ஆண்.

மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டியபடி அலகில் இருந்தால் அது தனக்கல்ல, துணைக்கோ குஞ்சுக்கோ. வசந்தத்திலும் கோடையிலும் அப்படிக் கண்டால், படம் எவ்வளவு ஆசை காட்டினாலும் எழுந்து விலகுங்கள். கரையில் குடைந்த கூடு பக்கத்தில் இருக்கலாம். 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி கூட்டருகே மீன்கொத்தியைத் தெரிந்தோ பொறுப்பில்லாமலோ தொந்தரவு செய்வது குற்றம். குளிர்காலத்தில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

படி 7: நான்கு கால்கள்

நாணலோரத்தில் 'களுக்' என்று எதுவோ நீரில் விழும் சத்தம் கேட்டால் அது ஆற்றங்கரை வளையில் வாழும் வாட்டர் வோல் என்ற சிறு கொறிவிலங்காக இருக்கலாம். எலிபோல் இருந்தாலும் மூக்கு மழுங்கல், காது ரோமத்தில் மறைந்திருக்கும். குளிரில் பெரும்பாலும் வளைக்குள் கிடக்கும். ஏப்ரலுக்குப் பின் தேடுங்கள். பூச்சிக்கொல்லிகளால் அழிவின் விளிம்புவரை போய்த் திரும்பிய நீர்நாய் வின்செஸ்டருக்குள்ளேயே நடமாடுகிறது. ஆனால் பெரும்பாலும் இரவில் என்பதால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

படி 8: வீட்டுக்கு வந்தபின்

கேமராவைச் சூடான அறைக்குள் வெளியே எடுக்காமல், பைக்குள்ளேயே சற்று நேரம் விட்டுவையுங்கள். இல்லையென்றால் லென்ஸில் நீர் பூக்கும். பிறகு படங்களைப் பெரிதாக்கிக் கண் கூர்மையாக இல்லாதவற்றை நீக்குங்கள். நிழல் சற்றே உயர்வு, வெண்மை சற்றே இறக்கம், தேவையான வெட்டு. மீன்கொத்தியின் நீலத்துக்கு மேலும் நிறம் ஏற்ற வேண்டாம். இணையத்தில் இடுமுன் கோப்பிலிருந்து ஜிபிஎஸ் விவரத்தை அழித்துவிடுங்கள். ஊர் பெயர் போதும், கிளையின் இடம் வேண்டாம்.