கருவி மாறும்போது வேலைமுறையை மாற்றுவது எப்படி?

விடுப்பு விண்ணப்பத்துக்கென்றே ஒரு மென்பொருளை வாங்கிய அலுவலகத்தில் நான் சில காலம் வேலை பார்த்தேன். விண்ணப்பத்தைத் திரையிலேயே நிரப்பலாம், மேலாளர் ஒரு பொத்தானை அழுத்தி ஒப்புதல் தரலாம், விடுப்புக் கணக்கு தானாகக் கழியும் என்றுதான் அதை வாங்கினார்கள். நடந்தது வேறு. பணியாளர் திரையில் நிரப்பிய படிவத்தை அச்சிட்டு, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளை ஸ்கேன் செய்து, அதே மென்பொருளில் இணைப்பாக ஏற்றி, பிறகு தாளைக் கோப்பிலும் சேர்த்து வைத்தார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவந்த காரியம் அரை மணி நேரத்தைத் தின்றது. பழி மென்பொருள்மீது விழுந்தது. ஆனால் கையெழுத்தில்லாத விண்ணப்பம் செல்லாது என்ற பழைய விதியை யாரும் நீக்கவில்லை என்பதே காரணம்.

இது புதிய நோய் அன்று. நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் 1882-ல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்க ஆலைகள் மின்சாரத்தின் முழுப் பலனைக் கண்டதோ 1920-களில்தான். நீராவி எந்திரம் நின்ற இடத்தில் பெரிய மோட்டார் ஒன்றை வைத்த முதலாளிகள், கூரையை ஒட்டி ஓடிய நீண்ட சுழல்தண்டையும் அதிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கிய பட்டைகளையும் அப்படியே விட்டுவைத்தார்கள். எந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற ஏற்பாடு பரவி, பொருள் நகரும் வரிசைக்கேற்ப எந்திரங்களை அடுக்க முடிந்த பிறகே உற்பத்தி கூடியது. பொருளியல் வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-ல் இந்தத் தாமதத்தைக் கணினியோடு ஒப்பிட்டு எழுதினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், கணினி யுகம் எங்கும் கண்ணில் படுகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரங்களில் மட்டும் படவில்லை என்று பொருளியலாளர் ராபர்ட் சோலோ குறிப்பிட்டிருந்தார்.

எனவே புதிய கருவி வரும்போது செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் அலுவலகத்தில் அந்தச் சுழல்தண்டு எது, அதாவது கருவி மாறியும் மாறாமல் நிற்கும் பழைய ஏற்பாடு எது என்று கண்டுபிடிப்பது. அதற்கு ஒரே ஒரு விண்ணப்பத்தையோ பில்லையோ எடுத்துக்கொண்டு, அது பிறக்கும் மேசையிலிருந்து முடியும் மேசைவரை கூடவே செல்லுங்கள். யார் கையில் எவ்வளவு நேரம் காத்திருந்தது, ஒவ்வொருவரும் அதில் எதைச் சேர்த்தார், எதைச் சரிபார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். துறைத்தலைவரின் அறையில் உட்கார்ந்து கேட்டறிவது இதற்கு ஈடாகாது. அவர் விவரிப்பது பெரும்பாலும் கையேட்டில் உள்ள முறையாகவே இருக்கும். மேசையருகே நின்று பார்த்தால்தான், ஒரே எண்ணை ஒருவர் இரண்டு இடங்களில் தட்டச்சு செய்வதும், மென்பொருளை நம்பாமல் தனக்கென ஓர் எக்செல் தாளைப் பராமரிப்பதும் தெரியவரும். அந்தத் தனித் தாளைக் கண்டால் கண்டிக்க வேண்டாம். அதிகாரபூர்வ முறையில் எது விடுபட்டிருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் அலுவலகத்தில் வேறு இருக்காது.

அடுத்து, குறித்துவைத்த ஒவ்வொரு படியையும் பற்றி, இது எதற்காக வந்தது என்று கேளுங்கள். விடைகள் இரண்டு வகையாகப் பிரியும். சில படிகள் பழைய கருவியின் குறையால் வந்தவை. 1979-ல் வெளியான விசிகால்க் போன்ற விரிதாள் மென்பொருள்கள் வருவதற்கு முன்பு, ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த கூட்டல்கள் அனைத்தையும் கையால் திருத்த வேண்டியிருந்தது. ஆகவே கூட்டலை இன்னொருவர் சரிபார்ப்பது அவசியமாயிற்று. இன்று கூட்டலை விரிதாளே பார்த்துக்கொள்ளும் என்பதால் அந்தப் படியை நீக்கிவிடலாம். அதற்குப் பதிலாக, உள்ளிட்ட எண் சரியா, சூத்திரம் எல்லா வரிசைகளையும் எட்டுகிறதா என்ற வேறொரு சோதனையைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் வகை அப்படிப்பட்டதன்று. பணம் வழங்கும் ஆணையை ஒருவர் தயாரிக்க, மற்றொருவர் ஒப்புதல் தருவது காகிதத்தால் வந்த வழக்கம் இல்லை. தவறையும் மோசடியையும் தடுக்க வந்தது. காகிதம் போனாலும் அது இருந்தாக வேண்டும். ஆனால் விடுப்பில் போகும் அதிகாரி, வேலை தேங்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் தம் கடவுச்சொல்லைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகும்போது, இருவர் செய்ய வேண்டியதை ஒருவரே செய்யும் நிலை சத்தமில்லாமல் உருவாகிவிடுகிறது. அவர் இல்லாத நாட்களில் யார் ஒப்புதல் தருவது என்பதை முன்கூட்டியே மென்பொருளில் அமைத்துவிட்டால் இந்தத் தேவையே எழாது.

நீக்க வேண்டிய படிகளைத் தீர்மானித்த பின், பழைய முறை நிற்கும் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் ஆணையிட வேண்டும். பழையதையும் புதியதையும் ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது ஒரு மாத முடிவுக் கணக்குவரை, சேர்ந்தாற்போல் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அதற்குமேல் நீட்டினால் பணியாளர்கள் இரட்டை வேலையில் களைத்து, பழக்கமான பழையதையே பிடித்துக்கொள்வார்கள். அந்த ஆணையில் கையெழுத்திடுபவர் பழைய விதியை நீக்கும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். தணிக்கையாளர் தாளைக் கேட்பாரோ என்ற அச்சம் இருந்தால், அவரிடமே முன்னதாக எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். அந்த அச்சத்தால் மட்டுமே உயிரோடிருக்கும் பதிவேடுகள் பல.

பயிற்சி என்ற பெயரில் எல்லோரையும் ஓர் அரங்கில் உட்காரவைத்துத் திரையில் படம் காட்டுவதால் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து, அவருடைய இன்றைய கோப்பையே புதிய முறையில் முடிக்கவைக்கும் ஒரு மணி நேரம் அதைவிட மேலானது. இது பழைய முறையில் எப்படி முடியும் தெரியுமா என்று குறுக்கிடும் மூத்த பணியாளரை முட்டுக்கட்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள். விதிவிலக்குகளை அதிகம் அறிந்தவர் அவரே. திட்டமிடும் மேசையில் அவருக்கு முதலிலேயே ஓர் இடம் கொடுங்கள்.

செய்திப் பரிமாற்றத்துக்கும் இதே கவனம் தேவை. மின்னஞ்சலில் நாம் நிரப்பும் சிசி என்ற பெட்டி, தட்டச்சுக் காலத்துக் கார்பன் நகலின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. கார்பன் தாள்களை எவ்வளவு அடுக்கினாலும் சில நகல்களுக்குமேல் எழுத்து மங்கிவிடும் என்பதால், யாருக்கு நகல் வேண்டும் என்று தட்டச்சர் யோசித்தாக வேண்டியிருந்தது. அமெரிக்கக் கணினி நிரலாளர் ரே டாம்லின்சன் 1971-ல் கணினி வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அதன் பிறகு பெயர் தங்கியது, தடை போய்விட்டது. அலுவலக உரையாடலுக்கான செயலிகளாக 2013-ல் ஸ்லாக்கும் 2017-ல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் வந்தன. இடையில் வாட்ஸ்அப் குழுக்களும் பெருகின. இப்போது ஒரே செய்தி நான்கு வழிகளில் வருகிறது.

ஆகவே அரைப் பக்க அளவில் ஓர் உடன்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். உடனே கவனிக்க வேண்டியது தொலைபேசியில்; முடிவும் ஆதாரமும் மின்னஞ்சலில்; அன்றாடப் பேச்சு குழுவில்; குழுவில் முடிவான எதுவும் அன்றைக்கே கோப்பில் ஏற வேண்டும். வேலை நேரத்துக்குப் பின் பதிலை எதிர்பார்ப்பதில்லை என்பதையும் அதில் சேர்க்கலாம். பிரான்சில் 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் இதுபற்றிப் பணியாளர் தரப்போடு பேச வேண்டும் என்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலையில் பார்த்தால் போதும் என்ற குறிப்போடு மேலதிகாரி இரவு பதினொரு மணிக்கு அனுப்பும் செய்தியைக் கீழே உள்ளவர் அப்போதே திறந்து பார்ப்பார். அனுப்பும் நேரத்தைக் காலைக்குக் குறித்துவைக்கும் வசதி இன்று பெரும்பாலான மின்னஞ்சல் செயலிகளில் உண்டு. மேலதிகாரி அதைப் பழகிக்கொள்ளட்டும்.

கூட்டத்தில் ஒருவராவது வீட்டிலிருந்து கலந்துகொள்கிறார் என்றால், அது முடிந்தபின் நடைபாதையில் பேசி மாற்றிய முடிவையும் எழுதி அவருக்கு அனுப்புவதை வழக்கமாக்குங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய விதியைத் தள்ளிப்போட முடியாது. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. தடை விதித்தால் பணியாளர் தம் கைப்பேசியில் அதைப் பயன்படுத்துவார், உங்களுக்குத் தெரியாமல் போவது ஒன்றே மிச்சம். எந்தத் தகவலை அதனிடம் தரக்கூடாது, அது எழுதியதற்கு யார் பொறுப்பு என்ற இரண்டையும் எழுதிவையுங்கள். கையெழுத்திடுபவரே பொறுப்பு என்பது என் பரிந்துரை. முன்பெல்லாம் அவசரத்தில் எழுதிய வரைவு தன் தடுமாற்றமான நடையாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும், படிப்பவர் உஷாராவார். இந்தக் கருவியின் வரைவிலோ, உண்மையில் இல்லாத விதி எண்ணும் சரளமான வாக்கியத்தில் வந்து அமர்வதால் கண் வழுக்கிச் சென்றுவிடுகிறது. எனவே வரைவை மட்டும் படித்துச் சரிபார்ப்பதோடு நில்லாமல், மூலக் கோப்பைத் திறந்துவைத்து, ஒவ்வொரு தேதியையும் தொகையையும் விதி எண்ணையும் அதோடு ஒப்பிட்டுப் பென்சிலால் குறியிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து, முதலில் பின்தொடர்ந்த அதே வகைத் தாளை மறுபடியும் பின்தொடருங்கள். நான் சொன்ன அந்த அலுவலகத்தில், திரையில் தரும் ஒப்புதலே போதும் என்று இரண்டு வரிச் சுற்றறிக்கை ஒன்று வந்த பிறகு ஸ்கேனர் முன் நின்ற வரிசை கலைந்தது. ஒரு பிரிவு மட்டும் அச்சிடுவதை நிறுத்தவில்லை. பிடிவாதம் என்றே நினைத்திருந்தோம். போய்க் கேட்டபோதுதான், அவர்கள் அடிக்கடி எடுக்கும் ஈடுசெய் விடுப்பு மென்பொருளின் பட்டியலிலேயே இல்லை என்பது தெரிந்தது.